ஆகஸ்ட் மாதத்துச் சிவப்பு முட்டைகள்

பொயானா கிராமம்,
மால்டோவா.
ஆகஸ்ட் 21, வெள்ளி.

அன்புள்ள ஔரிகாவுக்கு,

சிமியோன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கதிங்காவும் சுகம். பசுவும் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும், நீ பார்த்துக்கொள்ளும் இத்தாலியப் பாட்டி சிஞ்ஞோரா ஓர்னெல்லாவின் இடுப்பெலும்பும் சீக்கிரம் கூட வேண்டும் என்று கோயிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினோம். பெரியது உனக்கு, சின்னது சிஞ்ஞோராவுக்கு. அது உன் மகளின் ஏற்பாடு, என்னைத் திட்டாதே.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பதறாதே. நாம் போனில் பேசுகிற அழகு உனக்கே தெரியும். சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாய், மழை உண்டா என்பாய், இல்லை என்பேன். அதற்குள் சிஞ்ஞோரா மணியடிப்பார், நீ ஓடிவிடுவாய். தவிர, பேசும்போதெல்லாம் கதிங்கா என் தோளை ஒட்டி நிற்கிறாள். அவள் காதில் விழக்கூடாத விஷயமும் ஒன்று இருக்கிறது. பயப்படும்படி எதுவுமில்லை, கடைசியில் எழுதுகிறேன்.

இன்று மாலை இத்தாலிக்குக் கிளம்பும் வேனில் இந்தப் பெட்டியை ஏற்றுகிறேன். திறந்து பார்த்ததும் நீ திகைப்பாய். முட்டை, கறி கூடாத மாதா நோன்பு இருபத்தெட்டாம் தேதி வரை நடக்கிற இந்த ஆகஸ்ட் மாதத்தில் புருஷன் ஈஸ்டர் ரொட்டியும் சிவப்பு முட்டையும் அனுப்பியிருந்தால், அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் எந்தப் பெண்ணும் நினைப்பாள். எனக்குப் பிசகவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ஆகஸ்ட் பாதியில் வருகிறேன் என்று நீ சொன்ன அன்றே கதிங்கா முடிவு செய்துவிட்டாள். அம்மா நம்மோடு ஈஸ்டர் சாப்பிட்டு நான்கு வருஷமாகிறது, அதனால் அம்மா வரும் நாள்தான் நமக்கு ஈஸ்டர் என்றாள். ரொட்டி, முட்டை, ஆட்டுக்குட்டி எல்லாம் வேண்டும், ஆனால் உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று கட்டளை. நோன்பு இருக்கிறதே என்றேன். அதை நீங்களே சாமியிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

நம் ஊர்ப் பாதிரியார் சொஃப்ரோனி சாமியை உனக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே மறுப்பவர். "ஈஸ்டர் என்ன, தவறவிட்ட பஸ்ஸா சிமியோன், அடுத்த ஸ்டாப்புல ஓடிப்போய் ஏறிக்கிறதுக்கு?" என்றார். என் பின்னாலிருந்து கதிங்கா, "எங்கம்மா நாலு வருஷமா ஸ்டாப்புலயேதான் நிக்கிறாங்க சாமி" என்றாள். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சின்ன ஈஸ்டர்தான், அதை நான் மறுக்கல. ஆனா நோன்புக்குள்ள முட்டையையும் கறியையும் கொண்டுவந்து மந்திரிக்கச் சொல்லாதீங்க. அது மட்டும் என்னால ஆகாது" என்றார். செய்யாதே என்று அவர் சொல்லவில்லையே அப்பா என்று வழிநெடுக எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள் உன் மகள்.

நீ வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள், போன சனிக்கிழமை விடிந்ததும் மாவு பிசைந்தேன். நீ பிசைவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன் அல்லவா, அந்தத் தைரியம்தான். நீ செய்வது போலவே தொட்டியை அடுப்புப் பக்கத்தில் வைத்து, கம்பளியால் மூடிவிட்டு, பசுவுக்குப் புல் போடப் போனேன். திரும்பி வந்தால் மாவு தொட்டியைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, தரையில் இறங்கி வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சம்பிரா அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "ஆகஸ்ட் மாசத்துல மாவுக்குக் கம்பளி போத்துற ஆம்பளையை இப்பத்தான் பாக்குறேன்! அதுக்கென்ன குளிர் காய்ச்சலா?" என்றார். அப்படியானால் என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டேன். "நோன்பு நாள்ல வெண்ணெய் ரொட்டிக்கு என் வாயால வழி சொல்ல மாட்டேன். பாவத்துல எனக்கும் பங்கு வரும்" என்று உள்ளே போய்விட்டார்.

ஆனால் அன்று காலை முழுக்க வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். "ஈஸ்ட்டை ஏப்ரல்ல போடுற அளவுக்கே கொட்டியிருப்பான், மடையன்! பாதி போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்பார். சற்று நேரம் கழித்து, "நிலவறையில கொண்டுபோய் வெச்சா மெதுவா எழும்பும்னு யாராச்சும் அந்த மரமண்டைக்குச் சொல்லுங்களேன்!" என்பார். திட்டத் திட்ட நான் அப்படியே செய்தேன். இரண்டாவது மாவு பூ மாதிரி வந்தது.

பருவம் தப்பிய பண்டிகைக்கு எதுவுமே ஒத்துழைப்பதில்லை ஔரிகா. சாயத்துக்குப் போட்ட புது வெங்காயத்தின் தோல் மெல்லிசு, எவ்வளவு கொதிக்க வைத்தும் முட்டை செங்கல் நிறத்துக்கு மேலே ஏற மறுத்தது. கடைசியில் கதிங்கா பீட்ரூட்டை நறுக்கிப் போட்டு ஒரு மாதிரி சிவப்பாக்கினாள். ஈஸ்டரில் குட்டியாக இருப்பது ஆகஸ்டில் கடாவாகிவிடுகிறது என்பதும் அர்செனியிடம் ஆடு கேட்கப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இருப்பதில் இளசு என்று அவன் கொடுத்ததற்கே கொம்பு முளைத்திருந்தது.

ரொட்டி அடுப்பில் இருக்கும்போதுதான் உன் போன் வந்தது. சிஞ்ஞோரா குளியலறையில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னாய். பரவாயில்லை, பெரியவரைப் பார் என்றேன். கதிங்கா மேசையருகில் உட்கார்ந்து முட்டைகளைப் பன்றிக்கொழுப்பு தொட்ட துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "வரலையா?" என்றாள். "வரலம்மா. அந்தப் பாட்டி விழுந்துட்டாங்களாம்" என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள். அழவில்லை. கையில் இருந்த முட்டையைத் துடைத்து முடித்தாள், அடுத்ததை எடுத்தாள், அதையும் துடைத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கோயிலிலிருந்து வந்ததும், இதையெல்லாம் என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டேன். "பன்னிக்குப் போடுங்க" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வெளிக் கேட்டில் நின்றுகொண்டாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தவன் அர்செனி, டிராக்டரில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு. இவள் தெருவை மறித்துக்கொண்டு, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்று கத்தினாள். ஈஸ்டர் வாழ்த்துப் போல இல்லை, கல்லெடுத்து எறிவது போலத்தான் இருந்தது அது.

அர்செனி என்ஜினை நிறுத்தினான். இவளையும் கூடையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு இறங்கித் தொப்பியைக் கழற்றி, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்றான். கூடையிலிருந்து ஒரு முட்டை எடுத்தான். ஈஸ்டர் வழக்கப்படி இவள் முட்டையோடு மோதினான். அவனுடையதுதான் உடைந்தது. "என் முட்டைக்கு எந்தக் காலத்துலயும் ராசி இல்ல" என்றான். அப்புறம், "இன்னிக்கு எதுக்கும்மா இது?" என்று கேட்டான். "எங்கம்மாவுக்கு. அவங்க வரல" என்றாள். அவன் உடைந்த முட்டையின் ஓட்டைக் கட்டைவிரலால் உரித்தான். அவன் மனைவி மாஸ்கோவில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போய் எத்தனை காலமாயிற்று என்பது உனக்குத் தெரியும். "எங்க வீட்டுலயும்தான் வரல. பசங்களைக் கூட்டிட்டு வரவா?" என்றான். கதிங்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஓடிப்போய் மேசையை வெளியே இழுத்தேன்.

அப்புறம் எப்படிச் செய்தி பரவியது என்று தெரியவில்லை. அர்செனியின் பிள்ளைகள் வந்தார்கள். தபால்காரர் தன் இரண்டு மகன்களோடு வந்தார். கீழத்தெருவில் தனியாக இருக்கிற அப்பன்மார்கள் ஒவ்வொருவராக, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. ஈஸ்டர் ரொட்டிக்குப் பக்கத்தில் தர்ப்பூசணி இருந்த மேசையை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? தக்காளி, சோளக்கதிர், ஊறுகாய்க்கு வைத்திருந்த வெள்ளரி, எல்லாம் இருந்தது. கடாக்கறியை மெல்ல முடியாமல் தபால்காரர், "இது இயேசு பொறந்தப்பவே தொழுவத்துல இருந்த ஆடுதான்" என்றார். சின்னப் பிள்ளைகள் தெருவில் ஓடி ஓடி, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று கோழிகளுக்குக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சம்பிரா அக்கா எண்ணெய்கூட விடாமல் அவித்த பீன்ஸை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, கறித்தட்டுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். எங்கள் பாவத்தைப் பார்த்துக்கொண்டே தன் நோன்பைக் காப்பாற்றினார். முட்டையை மோதத்தானே போகிறோம், சாப்பிடவா போகிறோம் என்று பிள்ளைகள் கெஞ்சியதும் ஒன்றை எடுத்தார். அவ்வளவுதான், மேசையில் இருந்த அத்தனை பேர் முட்டையையும் உடைத்துத் தள்ளிவிட்டார். அவருடையது மரமுட்டையாக இருக்கும் என்று அர்செனியின் பையன் அதைப் பிடுங்கிக் கடித்தே பார்த்துவிட்டான்.

வெயில் சாயும் நேரத்தில் சொஃப்ரோனி சாமி வந்தார். எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டோம். "சிமியோன், உன் பசு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் மேயுதுன்னு சொன்னாங்க" என்றார். பசு எங்கள் பின்னாலேயே கட்டிக் கிடந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். கதிங்கா கூடையோடு அவர் எதிரில் போய் நின்றாள். இந்தத் தடவை கத்தவில்லை. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், சாமி" என்றாள்.

ஔரிகா, நம் சபையில் சாமியும் குடும்பஸ்தர்தானே, அவர் மனைவி யூஜினியா உன்னைப் போலவே இத்தாலிக்கு, பொலோஞாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவரும் மூன்று ஈஸ்டருக்குத் தனியாகத்தான் பூசை முடித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். எனக்கு அது அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது. அவர் கூடைக்குள் குனிந்து பார்த்தார். பிறகு, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்றார், கோயிலில் சொல்கிற குரலில் அல்ல. மேசையில் எதையும் தொடவில்லை, எதையும் மந்திரிக்கவும் இல்லை. ஒரே ஒரு முட்டையை எடுத்து அங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "நோன்பு முடிஞ்சதும் சாப்பிடுறேன்" என்றார். "அதுக்குள்ள கெட்டுப்போயிடும் சாமி" என்றாள் உன் மகள். "கெட்டா கெட்டுட்டுப் போகட்டும். வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதுதான் நடந்தது. உன் பங்குக்கு நேற்று தனியாக ஒரு ரொட்டி சுட்டேன். வழக்கம்போல நடுவில் பாலாடைக்கட்டி வைத்தால் வழியில் புளித்துவிடும் என்பதால் வெறும் ரொட்டிதான். முட்டை இரண்டும் கதிங்கா பொறுக்கி எடுத்தது. ஒன்று உனக்கு, இன்னொன்று நீ யாரோடு மோதுகிறாயோ அவருக்கு.

இப்போது அந்த விஷயம். போன மாதம் கதிங்கா பெரியவளாகிவிட்டாள். முதலில் எனக்குத் தெரியாது. இரண்டு நாள் சோர்ந்து படுத்திருந்தாள், ஏதாவது காயைத் தின்றிருப்பாள் என்று நினைத்து நான் கஷாயம் போட்டுக் கொடுத்தேன், மகராசி அதையும் குடித்தாள். சம்பிரா அக்காதான் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் வேலியோரம் என்னைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்தார். உன்னிடம் தானே நேரில் சொல்ல வேண்டும், போனில் சொல்லக் கூடாது என்று கதிங்கா சொன்னாளாம். அதனால் அவள் சொல்லும்போது இப்போதுதான் கேட்பது போல நீ கேட்க வேண்டும்.

எலும்பு கூடுவதற்குக் கிறிஸ்துமஸ் ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். முடியாதவரைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன், நீயும் வரமாட்டாய். ஒன்றே ஒன்றுதான். பள்ளி திறக்கப்போகிறது என்று கதிங்காவுக்கு உடுப்பு எதுவும் வாங்கி அனுப்பிவிடாதே. உனக்குத் தெரிந்த அளவு இப்போது அவளுக்குப் பொருந்தாது. புது அளவை எழுதி அனுப்பலாம் என்று டேப்பை எடுத்தேன், ஆனால் நான் அளப்பது சரியில்லை, நீதான் அளக்க வேண்டும் என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

என்றும் உன்,
சிமியோன்.


பாதுவா,
இத்தாலி.
செப்டம்பர் 2, புதன்.

என் அன்புக்குரிய சிமியோனுக்கு,

ஔரிகா எழுதுவது. பெட்டி அனுப்பிய மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமையே கிடைத்தது. வேன்கள் வந்து நிற்கும் மைதானத்தில் நம் நாட்டுப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போதே திறந்துவிட்டேன். திறந்திருக்கக் கூடாது. வாசனை வந்ததும் சுற்றி நின்றுகொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலாவது மறுத்திருப்பேன். ஆளுக்கு ஒரு விள்ளல் கொடுத்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு கைப்பிடி. சொரோகாவைச் சேர்ந்த லிதியா வாயில் போட்டுக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் உப்பு போட மறந்துட்டார்டி" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. உண்மைதான், உப்பு இல்லை. சம்பிரா அக்கா அதை மட்டும் திட்ட மறந்துவிட்டார் போலிருக்கிறது. இவ்வளவு நல்ல ரொட்டியை நான் செய்ததில்லை.

முட்டை இரண்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மோதுவதற்கு எனக்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? சிஞ்ஞோரா அதைப் பார்த்ததும், "ஐயையோ, இன்னிக்கு ஈஸ்டரா? நான் பூசைக்குப் போகலையே!" என்று எழுந்திருக்கப் பார்த்தார். அவருக்கு மாதங்களெல்லாம் கலந்துவிட்டன என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பிடித்துப் படுக்கவைத்து, "இங்க இல்லம்மா, எங்க வீட்டுலதான் ஈஸ்டர்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவர் முட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "வீட்டுல ஈஸ்டர்னா, நீ இங்க என்னடி பண்றே?" என்றார்.

"உங்களைத்தான் பாத்துக்கிறேன்" என்றேன். "என்னைப் பாக்க இங்க நர்ஸுங்க இருக்காங்க. எம் பையன் ஒருத்தன் இருக்கான், பேருக்காவது இருக்கான். கூப்பிடு அவனை" என்றார். அன்றோடு மறந்துவிடுவார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் மறக்கிறவர் இதை மட்டும் மறக்கவில்லை. தினமும் காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "நீ இன்னும் போகலையா?" என்று கேட்கிறார். மகன் வரும்போதெல்லாம் அவர் காதிலும் விழுகிறது. நேற்று அந்த மகனே என்னை வெளியே அழைத்து, மாற்றாக யாராவது கிடைப்பார்களா என்று தலை குனிந்து கேட்டார். லிதியாவின் தங்கை இருபதாம் தேதி வருகிறாள். ஒரு வாரம் அவளுக்கு எல்லாம் பழக்கிவிட்டு, இருபத்தேழாம் தேதி நம் சிலுவைத் திருநாள் கழிந்ததும் நான் கிளம்புகிறேன். அப்போது நோன்பு எதுவும் இல்லை, நாட்காட்டியைப் பார்த்துவிட்டேன் என்று சம்பிரா அக்காவிடம் சொல்லுங்கள். எவ்வளவு நாள் இருப்பேன், திரும்பி வருவேனா என்பதை அங்கே வந்து பேசிக்கொள்வோம். போனில் வேண்டாம்.

கிளம்பும்போது சிஞ்ஞோராவிடம் எப்படிச் சொல்லிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. போகச் சொன்னதே அவர்தான், ஆனாலும் நான் போன மறுநாள் காலையில் யாரைப் பார்த்து என்ன கேட்பார் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் எழுதிய அந்தக் கடைசி விஷயத்தை நான் படிக்கவே இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. இதை இத்தனை முறை சொல்லிப் பழகிவிட்டேன், அவள் முன்னால் நின்றால் சரியாக வந்துவிடும் என்று நம்புகிறேன்.

நேற்றுப் பள்ளி திறந்த அன்று நீங்கள் அனுப்பிய படம் வந்தது. கதிங்கா இவ்வளவு உயரமா? தலையைப் பின்னாமல் மேலே தூக்கிக் கட்டியிருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு முடியைத் தனியாகச் சமாளிப்பது கஷ்டம்தான். வெட்டிவிடலாமா என்று இந்த மாதம் அவள் உங்களிடம் கேட்டாலும் கேட்பாள். கேட்டால், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நான் வந்து ஒரு தடவை பின்னிவிடுகிறவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் இருவர் தலைமீதும் என் கை எப்போதும் இருக்கிறது.

உங்கள்,
ஔரிகா.